வேலை போன பின்னும் சங்குக்கு எழுந்தவர்

கிள்ளானில் நான் பணியாற்றும் பெண்கள் பள்ளியில் மூன்றாம் வகுப்புக்குக் கணக்கு நடந்துகொண்டிருந்தது. ரயில் நிலையப் போர்ட்டர் ஒருவர் வாசலில் வந்து, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ரயில்வேக் குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு இது புரியும். எங்கள் வீட்டுப் பிறப்பும் இறப்பும் தந்தியில் வருவதில்லை. வண்டியின் கார்டு ஒரு நிலையத்தில் கேட்டு வந்து அடுத்த நிலையத்தில் சொல்லிவிட்டுப் போவார்.

"டீச்சரம்மா, கோலாலம்பூர்லேருந்து வந்த காலை வண்டி கார்டு சொல்லிவிட்டாரு. பிரிக்பீல்ட்ஸ்ல உங்க அண்ணன்..." என்று நிறுத்தினார்.

"எப்போதாம்?"

"விடிஞ்சதும் எழுப்பப் போயிருக்காங்க. எழுந்திருக்கலையாம்."

கரும்பலகையில் ஒரு வகுத்தல் கணக்குப் பாதியில் நின்றது. அதை முடித்துவிட்டுத்தான் புத்தகத்தை மூடினேன். கணக்கை ஏன் முடித்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அந்தச் செய்தி எனக்குப் புதிதாக இல்லை என்பது ஒரு காரணமாக இருக்கலாம். என் அண்ணன் மாசிலாமணி அவர்கள் இறந்துகொண்டிருந்ததை ஓராண்டாக நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவரை அறிந்தவர்கள் இந்த இதழின் வாசகர்களில் சிலர் இருப்பீர்கள். பிரிக்பீல்ட்ஸ் சபையில் கடைசி வரிசைக்கு முந்திய வரிசையில், சுவரோரமாக உட்காருவார். பாட்டுப் பாடும்போது உதடு மட்டும் அசையும். அறியாதவர்களுக்குச் சொல்ல அவரிடம் பட்டமோ பதவியோ இல்லை. ரயில் பாதை போட வந்த கூலியின் மகன். பதினெட்டு வயதில், எஞ்சின் பழுதுபார்க்கும் ரயில்வே ஷெட்டில் கையாளாகச் சேர்ந்து, இயந்திரம் பூட்டும் பிட்டரானார். என்னைச் சென்னையில் கல்லூரியில் படிக்க வைத்தது மிஷன். "என் தங்கச்சிக்கு மூளை இருக்குங்கய்யா, எனக்குக் கைதான் இருக்கு" என்று போதகர் வீட்டுக்கு நடையாய் நடந்து அதைக் கேட்டு வாங்கியவர் அண்ணன். நான் படித்துத் திரும்பியபோது ஸ்டேஷனில் என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, ஊர் முழுக்கக் கேட்கும்படி, "நகருங்க, பி.ஏ. வருது!" என்று கத்திக்கொண்டே முன்னால் நடந்தார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவருக்குப் படபடவென்று சிரிக்கத் தெரிந்த காலம் அது.

பிறகு ரப்பர் விலை விழுந்தது. தோட்டங்கள் பால் வெட்டை நிறுத்தின. ஏற்றிச் செல்லச் சரக்கில்லாத வண்டிகள் பக்கப் பாதைகளில் துருப்பிடித்து நின்றன. வண்டி ஓடாவிட்டால் ஷெட்டில் வேலை ஏது? ஒரு சனிக்கிழமை, வேலை போனவர்களின் பட்டியலைக் கேட்டில் ஒட்டினார்கள். அண்ணனின் எண் அதில் இருந்தது. ஷெட்டில் ஆட்களுக்குப் பெயரைவிட எண்தான் முக்கியம். காலையில் ஷெட்டின் நீராவிச் சங்கு ஊதியதும், எண் பொறித்த பித்தளை வில்லையைக் கேட்டில் காட்டி உள்ளே போக வேண்டும். அண்ணனின் எண் அறுபத்தேழு. அண்ணன் வில்லையைத் திருப்பிக் கொடுத்தார், குவார்ட்டர்ஸைக் காலி செய்தார், அப்போது பிரிக்பீல்ட்ஸில் நான் இருந்த வாடகை வீட்டுக்கு அண்ணியோடு வந்தார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. நான் மணம் செய்துகொள்ளாதவள். மூன்று பேருக்கு அந்த வீடு தாராளம். ஆனால் தங்கை சம்பாதித்த சோற்றை அண்ணன் உண்பதற்கு எந்த வீடும் போதாது என்பதை முதல் வாரமே புரிந்துகொண்டேன். சாப்பிடும்போது என் முகத்தைப் பார்க்க மாட்டார். இரண்டாம் முறை குழம்பு கேட்க மாட்டார். உண்டதும் போய்ப் படுத்துக்கொள்வார். மழிக்காத முகம். அழுக்குப் பனியன். மூன்று வாரம் அப்படிப் போயிற்று.

நான்காம் வாரம் நடந்ததை எனக்கு முனியாண்டிதான் சொன்னான். முனியாண்டி ஷெட்டில் சம்மட்டி அடித்தவன். அதே பட்டியலில் வேலை இழந்தவன். வாய்த் துடுக்கு அதிகம். அவன் வாயாலேயே சொல்கிறேன்.

"அன்னிக்குச் சங்கு ஊதுச்சு டீச்சரம்மா. இவ்வளவு வருசப் பழக்கம், உடம்பு கேக்குமா? தூக்கத்துலயே எழுந்து, நீலச் சட்டையப் போட்டுக்கிட்டு, கேட்டு வரைக்கும் போய்ட்டேன். போய்த்தான் ஞாபகம் வருது, நமக்கு வேலை இல்லைலான்னு. சரி, எவனும் பாக்குறதுக்குள்ள ஓடிருவோம்னு திரும்பினா, எதிர்ல பாடாங் தெடல்ல உங்க அண்ணன் நிக்கிறாரு. அவரும் நீலச் சட்ட. இன்னொருத்தன் ஆறுமுகம், மரத்துக்குப் பின்னாடி ஒளியுறான். மூணு பேரும் ஒரே முட்டாத்தனம். நான் சும்மா இருப்பேனா? 'என்ன அண்ணே, காத்து வாங்க வந்தீங்களா'ன்னேன். உங்க அண்ணனுக்கு மூஞ்சி செத்துப்போச்சு. அப்புறம் ரெண்டு கையையும் தூக்கிச் சுத்த ஆரம்பிச்சாரு. 'உடம்பு வலிடா. கை கால உதறலாம்னு வந்தேன்'னாரு. நானும் உடனே, 'நானும் அதுக்குத்தான் அண்ணே'ன்னு கையச் சுத்தினேன். ஆறுமுகம் மரத்துக்குப் பின்னாடியே நின்னு சுத்துறான்!"

இப்படி, வெட்கத்தை மறைக்கச் சொன்ன ஒரு பொய்யாகத்தான் அது தொடங்கியது. பொய்யைக் காப்பாற்ற மறுநாளும் போக வேண்டியதாயிற்று. அதற்கு மறுநாளும். ஷெட்டுக்கு எதிரே இருந்த அந்தப் பாடாங்கில், சங்கு ஊதும் வேளைக்கு, வேலையிழந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். ஒரு மாதத்தில் இரண்டு வரிசை ஆயிற்று. அண்ணன் சிறு வயதில் கற்ற தண்டாலும் பஸ்கியும் சொல்லிக்கொடுத்தார். கழித்துப் போட்ட தண்டவாளச் சிலீப்பர் கட்டைகளைச் செதுக்கிக் கர்லாக்கட்டைகள் செய்துகொண்டார்கள். தொடங்குவதற்கு முன் அண்ணன் ஆஜர் எடுப்பார். பெயர் சொல்லி அல்ல, ஷெட்டில் இருந்த பழைய எண்ணைச் சொல்லி.

"நூத்திப் பதினொண்ணு!"

"இருக்கேன்!"

"எண்பத்து நாலு!"

"இருக்கேன் அண்ணே!"

வில்லையைத்தான் திருப்பி வாங்கினார்கள், எண்ணை வாங்கவில்லை என்பார் முனியாண்டியிடம். தாமதமாக வந்தவனுக்குப் பத்து பஸ்கி கூடுதல். பயிற்சி முடியும்வரை வேலையைப் பற்றியோ வீட்டைப் பற்றியோ யாரும் பேசக்கூடாது என்பது இன்னொரு விதி. எட்டரைக்கு இரண்டாம் சங்கு ஊதும்போது கலைவார்கள்.

உண்மையைச் சொல்ல வேண்டும். முதலில் எனக்கு இது பிடிக்கவில்லை. அரிசி அளந்து போடும் காலத்தில் பசியைத் தூண்டிக்கொள்ளும் வேலை எதற்கு என்று நினைத்தேன். அண்ணியும் ஒருநாள் அடுப்படியிலிருந்து, "கட்டையச் சுத்தினா வேலையா வந்துரும்? வயிறுதான் சுத்தும்" என்றார்கள். அன்று மாலை, நான் நோட்டுகள் திருத்திக்கொண்டிருந்த மேசையருகே அண்ணன் வந்து உட்கார்ந்தார். வேலை போன பிறகு அவராக என்னோடு பேச வந்தது அதுதான் முதல் முறை. முகம் மழித்திருந்தார்.

"வேலை போனப்ப, சம்பளம் போச்சேன்னுதான் படுத்துக் கெடந்தேன்னு நெனச்சேன் தங்கச்சி. அது இல்ல. நான் வரலன்னா ஏன் வரலன்னு கேக்க ஒரு ஆள் இல்லாம போச்சு. அதான் என்னைப் படுக்க வச்சது. இப்ப நாளைக்கு நான் போகலன்னா முனியாண்டி வந்து கதவத் தட்டுவான். தட்டிட்டு அசிங்கமா ஏதாவது சொல்லுவான். அதுக்காகவாவது எழுந்திருக்கணும்ல."

கல்லூரியில் வாழ்வின் நோக்கம் பற்றி நிறையப் படித்தேன். தேர்வில் நன்றாகவே எழுதினேன். அண்ணன் சொன்னதை எந்தப் புத்தகத்திலும் நான் படிக்கவில்லை. அன்றிலிருந்து, பள்ளிக்குப் போகும் வழியில், பாடாங் ஓரமாகச் சற்று நின்று பார்த்துவிட்டுப் போவது எனக்குப் பழக்கமாயிற்று. வரிசையில் எல்லோர் கையும் ஒரே நேரத்தில் எழுந்து ஒரே நேரத்தில் தாழும். வயிறு ஒட்டிய மனிதர்கள்தாம். இருந்தும் அந்த நேரத்தில் அவர்களைப் பார்ப்பவர்கள் இரங்கமாட்டார்கள். மரியாதையாக ஒதுங்கிப் போவார்கள். ரிக்‌ஷாக்காரர்கள்கூட மணியடிக்காமல் போனதை நான் கண்டிருக்கிறேன்.

ஆறுமுகத்தின் மனைவி அந்த மழைக்காலத்தில் பிரசவத்தில் இறந்தாள். குழந்தையும் தங்கவில்லை. இரண்டு நாள் அவன் பாடாங்குக்கு வரவில்லை. மூன்றாம் நாள் ஆஜரில் அவன் எண்ணைக் கூப்பிட்டுவிட்டுப் பதில் வராமல் நின்ற அண்ணன், கட்டைகளை அப்படியே போடச் சொல்லிவிட்டு, இரண்டு வரிசையையும் அவன் வீட்டுக்கு நடத்திக்கொண்டு போனார். உள்ளே தாழிட்டிருந்தான். குரல் கொடுத்தும் திறக்கவில்லை. முனியாண்டி தோளால் கதவை உடைத்தான். ஆறுமுகம் தரையில் குந்தியிருந்தானாம். எதிரில் ஒரு கயிறு, சுருட்டியபடி. அண்ணன் அதை எடுத்து ஒருவனிடம் கொடுத்து, "இத நீ வச்சுக்க, துணி காயப்போட ஆகும்" என்றார். பிறகு ஆறுமுகத்திடம், "வா" என்றார்.

"என்னால முடியாது அண்ணே. கை தூக்க முடியாது."

"தூக்க வேணாம். வரிசைல உன் எடம் காலியா இருக்கு. வந்து நில்லு, போதும்."

மூன்று நாள் அவன் அசையாமல் வரிசையில் நின்றான். சுற்றிலும் எல்லோரும் குனிந்து நிமிர்ந்தார்கள். நான்காம் நாள் கைகள் தாமாக எழுந்தன. நான் அப்போது ஓரத்தில் நின்றிருந்தேன். அண்ணன் அதைப் பார்த்தும் பாராதவர்போல எண்ணிக்கையைத் தொடர்ந்தார்.

அண்ணன் வாழ்க்கையில் கண்ட வெற்றி இதுதான். இனி எழுதப்போவது என் தோல்வி. அண்ணனைப் போற்றும் கட்டுரையில் இதற்கு இடம் உண்டா என்று பலமுறை யோசித்தேன். இதை விட்டுவிட்டு எழுதினால் அது அவரைப் பற்றியதாக இருக்காது.

கோயில்காரர்களும் சபையாரும் கடைக்காரர்களும் சேர்ந்து அப்போது ஒரு நிவாரணக் குழு அமைத்திருந்தார்கள். வேலையற்ற வீடுகளுக்கு வாரந்தோறும் அரிசி கொடுப்பார்கள். ஆங்கிலம் எழுதத் தெரிந்தவள் என்பதால் நான் அதன் எழுத்தர். தலைவர், அலுவலகத்தில் கணக்கெழுதி ஓய்வு பெற்ற பெரிய கிராணி ஒருவர். ஒருநாள் அவர் சொன்னார்: "சோம்பேறிகளுக்கு அரிசி போடுறோம்னு நன்கொடை தர்றவங்க குறைப்படுறாங்க டீச்சர். அந்த ஆட்களைப் பத்தி ஒரு அறிக்கை எழுதுங்க."

எனக்கு உற்சாகம் பிறந்தது. பாடாங்கைப் பற்றி இரண்டு பக்கம் எழுதினேன். இவர்கள் சோம்பேறிகள் அல்ல, விடியுமுன் எழுந்து உடலைப் பேணும் ஒழுக்கமானவர்கள், உறுதியான தேகமும் தெளிவான மனமும் உடையவர்கள், இத்தகையோரை வேலைக்குப் பெறும் எந்த முதலாளியும் பாக்கியவான் என்றெல்லாம் எழுதினேன். நான் எழுதியவற்றிலேயே சிறந்த ஆங்கிலம் அதுவாகத்தான் இருக்கும். அதைப் படித்துவிட்டு யாராவது வேலை கொடுப்பார்கள் என்பது என் நம்பிக்கை. அனுப்புவதற்கு முன் அண்ணனுக்குத் தமிழில் சொல்லிக் காட்டினேன். கேட்கக் கேட்கக் கூச்சத்தில் நெளிந்தார். முடிந்ததும், "எல்லாம் சரிதான் தங்கச்சி. ரொம்ப நல்லா இருக்கு. கடைசில, கொஞ்சம் பசிக்குதுன்னும் எழுதிடு" என்றார்.

நான் எழுதவில்லை. அந்த ஒரு வரி மற்ற வரிகளின் கம்பீரத்தைக் கெடுத்துவிடும் என்று நினைத்தேன். அவர்களைப் பிச்சைக்காரர்களாகக் காட்டக்கூடாது என்று நினைத்தேன். எழுதியாயிற்றா என்று அண்ணன் மறுபடி கேட்கவில்லை. படித்தவள் செய்வது சரியாக இருக்கும் என்று அவர் எப்போதும் நம்பினார்.

பத்து நாள் கழித்து, தலைவரும் இன்னும் இருவரும் மோட்டார் காரில் பாடாங்குக்கு வந்தார்கள். வருகிறார்கள் என்று முன்பே தெரியும். "வேலை குடுக்கத்தாண்டா வர்றாங்க. சும்மா பாக்க யாராச்சும் பெட்ரோல் போட்டுட்டு வருவானா?" என்று முனியாண்டி எல்லோரிடமும் சொல்லிவிட்டான். சட்டைகளைத் துவைத்துக் காயவைத்துப் போட்டுக்கொண்டு வந்தார்கள். பிறகு உடம்பு தெரியட்டும் என்று அந்தச் சட்டைகளைக் கழற்றிவிட்டு நின்றார்கள். அன்று போல் அவர்கள் என்றும் செய்ததில்லை. முந்திய நாள் ஒரு வேளைதான் உண்டவர்கள், வழக்கத்தைவிட இருமடங்கு தண்டால் எடுத்தார்கள். வந்தவர்களில் ஒருவர் ஆறுமுகத்தின் புஜத்தை விரலால் அழுத்திப் பார்த்துத் தலையசைத்தார். நான் சற்றுத் தள்ளிக் குடையோடு நின்றேன். பெருமையில் என் கண் நிறைந்திருந்தது.

அடுத்த கூட்டத்தில் தலைவர் என் அறிக்கையைப் பாராட்டினார். "இவ்வளவு திடகாத்திரமானவங்களுக்கு இலவச அரிசி கொடுப்பது பாவம். நோயாளி, விதவை, குழந்தை இவங்களுக்குத்தான் கொடுக்கணும். இவங்க டெங்கில் பக்கம் ரோட்டு வேலைக்குப் போகட்டும். அது வேணாம்னா இலவசக் கப்பல்ல ஊருக்குப் போகட்டும்" என்றார். எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். டெங்கில் பக்கம் சதுப்பு நிலம், போனவர்களில் பாதிப்பேர் காய்ச்சலோடு திரும்புகிறார்கள் என்றேன். "அதெல்லாம் பலவீனமான ஆட்களுக்கு, டீச்சர்" என்றார். பெயர்களைப் பட்டியலிலிருந்து அடிக்க வேண்டியவள் எழுத்தர். அடித்தேன்.

வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சொன்னபோது அவர் செருப்புக்கு வார் தைத்துக்கொண்டிருந்தார். ஊசியை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டார். "அண்ணே, நீங்கள் சொன்ன வரியை நான் எழுதவில்லை" என்றேன். வாரைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, "நீ எழுதினது எதுவும் பொய் இல்லையே தங்கச்சி" என்றார். அவ்வளவுதான். என்னைத் திட்டியிருந்தால் என் மனம் கொஞ்சமாவது ஆறியிருக்கும்.

மறுநாள் முனியாண்டி வழக்கம்போலச் சிரித்துக்கொண்டே வந்தான். "டீச்சரம்மா, காகிதத்துல எங்களக் கொஞ்சம் இருமவச்சுக் காட்டியிருக்கலாம்லா? அட, எனக்கு மட்டுமாவது ஒரு நொண்டிக்கால் போட்டிருந்தா இன்னிக்கு அரிசி வந்திருக்கும்." அவனுடைய சிரிப்பு கண்வரை எட்டவில்லை.

நான் மறுபடி குழுவுக்கு எழுதினேன். இம்முறை பசியைப் பற்றி மட்டுமே எழுதினேன். முதல் அறிக்கை நேரில் கண்டு உறுதி செய்யப்பட்டது, ஆகவே இரண்டாவதை ஏற்பதற்கில்லை என்று பதில் வந்தது. குழுவிலிருந்து விலகிக்கொண்டேன். யாருக்கும் அதனால் ஒரு பிடி அரிசி கூடுதலாகக் கிடைக்கவில்லை.

அதன் பிறகு நடந்த ஒன்றை என்னால் இன்றும் நினைக்க முடிவதில்லை. தளர்ந்தவர்களாகத் தெரிந்தால் பட்டியலில் திரும்பச் சேர்ப்பார்கள் என்று ஆட்களுக்குள் ஒரு நம்பிக்கை பரவியது. ஆனால் அவர்களுக்குத் தளர்ந்து நடக்க மறந்துபோயிருந்தது. அண்ணன்தான் சொல்லிக்கொடுத்தார். அதே பாடாங்கில், அதே வரிசையில் நிறுத்தி, "தோளை உள்ளே போடு. நெஞ்சை எடுத்துக் காட்டாதே. காலை இழுத்து வை. மூச்சு வாங்கு, இன்னும் வாங்கு" என்று ஒவ்வொருவராகத் திருத்தினார். எந்த முதுகுகளை ஓராண்டு பாடுபட்டு நிமிர்த்தினாரோ அந்த முதுகுகளைத் தம் உள்ளங்கையால் அழுத்திக் குனிய வைத்தார். அவர்கள் அண்ணனுக்குக் கீழ்ப்படிந்தார்கள். சிலருக்குச் சிரிப்பு வந்தது. "நிமிந்து நிக்கவே உயிர் போச்சு, இப்ப இது வேறயா" என்றான் ஒருவன். நான் பள்ளிக்குப் போகாமல் வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

அதுவும் பயன்படவில்லை. அரிசி இல்லாமல் பலர் கப்பலுக்குப் பெயர் கொடுக்க வேண்டியதாயிற்று. கப்பலுக்கு முன் வைத்த உடற்சோதனையில், குனிந்து நின்றவர்களையும் மருத்துவர் தட்டிப் பார்த்துத் தகுதியானவர்கள் என்றே எழுதினார். போர்ட் சுவெட்டன்ஹாம் துறையில் அவர்களை வழியனுப்ப அண்ணனும் நானும் போனோம். ஆறுமுகத்துக்கு இந்தியாவில் யாரும் இல்லை. அவனுக்குரியவர்கள் இந்த மண்ணில் புதைந்திருந்தார்கள். படகில் ஏறும் முன் அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு, "அங்க யாரு அண்ணே எனக்கு ஆஜர் எடுப்பா?" என்று கேட்டான்.

"நீயே எடுத்துக்கடா. ரெண்டு பேரைச் சேத்துக்க. அப்புறம் அது நாலு பேராயிரும்" என்றார் அண்ணன்.

சேர்த்துக்கொண்டானா, தெரியாது. கடிதம் வரவில்லை. அவனுக்கு எழுதத் தெரியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். யாரையாவது பிடித்து எழுதச் சொல்லியிருக்கலாமே என்று மனம் உடனே திருப்பிக் கேட்கிறது.

முனியாண்டி டெங்கிலுக்குப் போனான். போவதற்கு முன் வீட்டுக்கு வந்து, "காச்ச வந்து மெலிஞ்சு திரும்பி வரேன் அண்ணே, அப்பத்தான் அரிசி" என்று சொல்லிவிட்டுப் போனான். அதன் பிறகு அவனை நாங்கள் பார்க்கவில்லை. எஞ்சியவர்களில் சில வாரங்கள் மூன்று பேர், பிறகு இரண்டு பேர் பாடாங்குக்கு வந்தார்கள். பிறகு அண்ணன் மட்டும் போனார். ஒருநாள் சங்கு ஊதியபோது அவரும் எழுந்திருக்கவில்லை.

அந்த ஆண்டு முடிவில் கிள்ளானில் ஓரிடம் காலியென்று கேள்விப்பட்டு மாற்றல் வாங்கிக்கொண்டேன். உடல்நிலை காரணம் என்று விண்ணப்பத்தில் எழுதினேன். பாடாங்கைக் கடந்து பள்ளிக்குப் போக முடியவில்லை என்பதுதான் காரணம். அண்ணனையும் அண்ணியையும் அதே வீட்டில் விட்டுவிட்டு ஓடினேன். அண்ணன் தடுக்கவில்லை. பெட்டியை ஸ்டேஷனுக்குத் தூக்கி வந்தது ஒரு கூலி.

மாதம் ஒருமுறை போய்ப் பார்ப்பேன். எழுதிவைத்துக்கொண்டு போனவள்போல ஒவ்வொரு முறையும் ஒரு யோசனையோடு போவேன். ஒருமுறை, "காலையில் சீக்கிரம் எழுந்திருக்கிறீர்களா அண்ணே?" என்று கேட்டேன்.

"எழுந்து?" என்றார்.

இன்னொரு முறை, "வாருங்கள், நாம் இருவரும் நடப்போம்" என்று வற்புறுத்தி அழைத்துப் போனேன். தெருக்கோடி வரை வந்தார். திரும்பும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டார். "நீ எதுக்குக் கூட்டிட்டுப் போறேன்னு தெரியுது தங்கச்சி. இது நடக்கிறது. அது வேற. அங்க நான் கையத் தூக்கினா இருபது கை தூக்கும். நான் தப்பா எண்ணினா இருபது பேரும் தப்பா செய்வான். அதனால தப்பா எண்ணக்கூடாது. இங்க நான் விழுந்தாலும் எதுவும் மாறாது." குறை சொல்லும் குரல் இல்லை. பழுதான இயந்திரத்தில் எந்தப் பாகம் போயிற்று என்று சொல்லும் பிட்டரின் குரலாகவே இருந்தது.

இக்காலத்தில் தேகப்பயிற்சி மனிதனுக்கு உறுதியையும் வாழ்வில் பிடிப்பையும் தரும் என்று பத்திரிகைகளில் எழுதுகிறார்கள். எங்கள் பள்ளிக்கும் டிரில் வகுப்பு வந்துவிட்டது. அவர்கள் எழுதுவது உண்மை. என் கண்ணால் பார்த்தேன். கயிற்றின் முன் குந்தியிருந்தவன் எழுந்து வந்து நின்றதைப் பார்த்தேன். ஆனால் அந்தப் பிடிப்பு எவ்வளவு மெல்லியது, இரண்டு பக்கக் காகிதத்தில் அது எப்படி அறுந்துபோகும் என்பதையும் பார்த்தேன். பிறகு அதைத் திரும்பக் கட்டும் வழி எனக்குத் தெரியவில்லை. யாருக்காவது தெரியும் என்றும் தோன்றவில்லை.

அண்ணனுக்கு இதயம் பலவீனமாகிவிட்டது என்று டாக்டர் இறப்புச் சான்றில் எழுதினார். அண்ணி அதை ஒப்புக்கொள்ளவில்லை. "அவருக்கு நோய் ஒண்ணும் இல்ல எஸ்தர். நிறுத்திட்டாரு, அவ்வளவுதான்" என்றார்கள். அண்ணிக்கு அழுகை வரவில்லை.

அடக்கத்தன்று மழை பெய்து ஓய்ந்திருந்தது. போதகர் உயிர்த்தெழுதலைப் பற்றிப் பேசினார். பெட்டியைத் தூக்க ஆறு பேர் வேண்டும். சபையின் பென்ஷன்காரர்கள் நால்வரும், கல்லறை வெட்டுபவரும் வந்தார்கள். ஆறாவது ஆள் கிடைக்கவில்லை. பெண் தூக்கும் வழக்கம் இல்லை என்று ஒரு மூப்பர் தயங்கினார். நான் செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்பக்க மூலையில் தோளைக் கொடுத்தேன். ஏற்றத்தில் இரண்டு முறை பெட்டியை இறக்கிவைத்து மூச்சு வாங்கினார்கள். எனக்கு மூச்சு வாங்கவில்லை. என் தோளுக்கு வந்த பாரம் மிகக் குறைவு. அண்ணன் எவ்வளவு கரைந்திருந்தார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

எல்லாம் முடிந்த பிறகு சபை அறையில் அடக்கப் பதிவேட்டை எடுத்தார்கள். பெயர், வயது, தகப்பன் பெயர் எழுதியாயிற்று. அடுத்த கட்டத்தில் உபதேசியார் பேனாவை நிறுத்தினார்.

"தொழில் என்னம்மா போடட்டும்?"

"பிட்டர்னு போடுங்க" என்றார்கள் அண்ணி.

"அது முன்னாடிங்க. இறக்கும்போது என்னவோ அதைத்தான் போடணும். வேலையில்லாதவர்னு போடலாமா?"

அண்ணி என்னைப் பார்த்தார்கள். "நீ சொல்லு எஸ்தர். உனக்குத்தான் எழுத வரும்."

உபதேசியார் பேனாவை என்னிடம் நீட்டினார். வாங்கினேன். அண்ணன் இந்த உலகத்தில் என்ன செய்தார் என்பதற்கு ஒரு சொல் வேண்டும். அந்தச் சொல் இரண்டு மொழியிலும் எனக்குக் கிடைக்கவில்லை. பேனா முனை காகிதத்தில் ஒரு மைப்புள்ளி வைத்தது, அது ஊறிப் பெரிதாயிற்று. பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அந்தக் கட்டத்தில் அந்தப் புள்ளி மட்டும்தான் இருக்கிறது.

போய்வாருங்கள், அண்ணே. எழுந்திருக்க இனி ஒரு காரணம் தேட வேண்டியதில்லை.